யாழ்ப்பாண மாநகர சபை உறுப்பினரின் வாக்குப் பதிவை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (நல்லூர்வாசி):
எங்கள் வட்டார உறுப்பினர் முற்போக்கானவர், கட்சிக்கு அடங்காதவர் என்கிறார்கள். கல்லுண்டாய்க் குப்பைமேடு பற்றி அவர் காரசாரமாகப் பேசியதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் எப்படி வாக்களித்தார் என்பதை எங்கே பார்ப்பது?

பதில் 1 (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்):
தம்பி, சபைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் பெரும்பாலான பக்கங்களில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற வரியே இருக்கும். பெயர் கூறி வாக்கெடுப்பு நடந்த பக்கங்களைத்தான் தேட வேண்டும். குறிப்பாகப் பாதீட்டு (வரவு செலவுத் திட்ட) வாக்கெடுப்பைப் பாருங்கள்: 2020 டிசம்பரில் அப்போதைய மாநகர முதல்வர் ஆர்னோல்ட்டின் பாதீடு இருமுறை தோற்றதால் அவர் பதவியை இழந்தார், 45 உறுப்பினர் கொண்ட சபையில் மணிவண்ணன் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் புதிய முதல்வராகத் தெரிவானார்.

பதில் 2 (கொட்டடி வாசகி):
ஐயா சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கட்சி உறுப்புரிமை பறிபோனால் சபை ஆசனமும் பறிபோகலாம் என்பதால், எதிர்த்து வாக்களிப்பதற்கு இங்கே உண்மையான விலை உண்டு. ஆகவே நடுநிலை வகித்ததையும் வாக்கெடுப்பு வேளையில் மண்டபத்தில் இல்லாததையும் சேர்த்தே எண்ணுங்கள். தேநீர் குடிக்க வெளியே போனவரை நான் சுயாதீனமானவர் என்று சொல்லமாட்டேன்.

நல்லூர்வாசி:
நன்றி அக்கா, ஐயா. திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறேன்.