மாமாவுக்கு யூரின் டியூப் எடுக்கணும், வழி சொல்லுங்க

வணக்கம். எங்க மாமனார், வயசு 81, மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்கார். இடுப்பெலும்பு ஆபரேஷனப்ப போட்ட டியூப், நாலு மாசமாச்சு. நடுவுல ஒரு தடவை மாத்துனதோட சரி. இல்லத்துல கேட்டா, "எடுத்தா ராத்திரி பூரா பெட்ஷீட் மாத்தணும்மா"ங்கிறாங்க. முழுக்க அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, ராத்திரிக்கு 18 பேருக்கு ஒரே அக்காதான்.

ஞாயித்துக்கிழமை போனா, பை கட்டில் மேலயே அவர் காலுக்குப் பக்கத்துல கிடக்கு. பாதி ரொம்பி, கலங்கலா. நான்தான் எடுத்து இடுப்புக்குக் கீழ, தரையில படாம, கட்டில் கம்பியில மாட்டுனேன். "எனக்கு எதுக்கு தாயி இந்த வாலு?"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார், எனக்குத்தான் தாங்கல.

நாள் ஆக ஆக கிருமித்தொற்று வரும், தேவை முடிஞ்சா எடுத்துடணும்னு தெரியும். ஆனா ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு, எடுத்ததும் அடைச்சுக்குமோன்னு பயம். டாம்சுலோசின்னு ப்ராஸ்டேட்டுக்கான மாத்திரையை சில நாள் கொடுத்துட்டு எடுத்துப் பார்ப்பாங்களாமே, அப்படி யாருக்காவது பண்ணீங்களா? எடுத்தப்புறம் 2 மணிக்கொரு தரம் பாத்ரூம் கூட்டிப்போறது இல்லத்துல நடக்கிற காரியமா? காண்டம் கதீட்டர் (உள்ளே போகாம, ஆணுறை மாதிரி வெளியே மாட்டுற டியூப்) ராத்திரிக்கு மட்டும் போட்டவங்க இருந்தா, தோல் புண்ணாச்சான்னும் சொல்லுங்க.

பெரியாஸ்பத்திரியில யூராலஜி ஓபி எந்தெந்தக் கிழமை? வீல்சேர்லதான் கூட்டிட்டு வரணும், அலைய விட முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு நான் பதில் சொல்லணும்.