பட்டா அவர் பேரில், பத்திரம் நம்ம பேரில்: நிலவழக்கு எங்கே சறுக்குகிறது? (புனைபெயரில் மூவர் சொல்வது)

கல்லும்சங்கிலியும்:
பிராதில் (வழக்கு மனுவில்) சொத்து விவரம் தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். கிரயப் பத்திரத்தில் சர்வே 112/2, ஏக்கர் 1.00 என்று இருக்கும். யூடிஆரில் (நிலப் பதிவேடு புதுப்பிப்பில்) அது 2ஏ, 2பி என்று உடைந்து, 2ஏ 0.32.00 (ஹெக்டேர் கணக்கில்; 32 ஏர்) உங்கள் பட்டாவிலும், 2பி 0.08.50 பக்கத்துக்காரர் பட்டாவிலும் ஏறியிருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட். இரண்டையும் கூட்டினால் 40.50 ஏர், அதாவது பத்திரத்தில் உள்ள நூறு சென்ட். கைவிட்டுப் போனது 21 சென்ட். பட்டாவைப் பார்த்து 2ஏ மட்டும் எழுதினால் அந்த 21 சென்ட்டுக்கு வழக்கே இல்லை. பழைய எண், புதிய உட்பிரிவு, நான்கெல்லை மூன்றையும் எழுதுங்கள். அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பதிவு மூன்றுக்கும் சான்று நகல் வாங்கிச் சேருங்கள். இல்லாவிட்டால் டிக்ரி வந்தபிறகும் அதை நிறைவேற்ற வரும் கோர்ட் அமீனாவுக்கு எந்த வரப்பைக் காட்டுவது?

வாய்தா:
டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலரிடம்) யூடிஆர் திருத்த மனு போடலாம். எதிராளி உரிமையே தனக்குத்தான் என்று கிளம்பினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். 1983 பட்டா பாஸ்புக் சட்டம் 14ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பட்டா மட்டுமே உரிமை தராது. மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி காட்டணும்.

அவசரத்தில் வெறும் தடையுத்தரவு வழக்கு போடுவதுதான் பெரிய வினை. நிலம் நம்ம அனுபவத்தில் (கையில்) இருப்பது தெளிவாக இருந்து, எதிராளி இடைஞ்சல் மட்டும் செய்தால் அது போதும். உரிமையை மறுத்து அவரும் ஒரு ஆவணம் நீட்டினால் விளம்புகை (உரிமை நமக்கே என்ற கோர்ட் அறிவிப்பு) கேட்டே ஆகணும். உச்சநீதிமன்றத்தின் 2008 அனதுலா சுதாகர் தீர்ப்பு இதைப் பிரித்துச் சொல்கிறது. நிலம் கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பதும்) சேர்த்துக் கேளுங்கள். சுவாதீனம் கேட்காத விளம்புகை வழக்கு குறிப்பு நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 34ஆம் பிரிவில் அடிபடும். எதிராளியின் பதில் மனு (எதிருரை) வந்ததும் பிராதைத் திருத்த மனு போடுங்கள். விசாரணை தொடங்கிவிட்டால் ரொம்பக் கஷ்டம்.

காலவரம்பு: விளம்புகைக்கு 3 வருஷம், உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்க 12 வருஷம். வழக்குமூலப் பத்தியில் (வழக்கு எதனால் எழுந்தது என்று சொல்லும் பத்தியில்) எதிராளி எப்போது, எப்படி உரிமையை மறுத்தார் என்று தேதியோடு எழுதுங்கள். "சமீபகாலமாக" என்று எழுதும் குமாஸ்தாக்களை என்ன செய்ய!

கடைமடை:
அனுபவத்துக்குச் சான்று: அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), கிஸ்து (நிலவரி) ரசீது, மோட்டார் மின் இணைப்பு, சொசைட்டிப் பயிர்க்கடன். வழக்கு போட்டபின் ஒரே நாளில் வாங்கிய பத்து வருஷ அடங்கலை எந்த நீதிபதியும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வருஷா வருஷம் வாங்கி வையுங்கள். அடங்கலில் இருக்கும் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு வருஷம்) எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம்; 1433 என்றால் 2023 ஜூலை.

கல்லும்சங்கிலியும்:
நிலத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் கமிஷனருக்கான மனுவில் "யார் அனுபவத்தில் உள்ளது என்று பார்க்க" என்று கேட்காதீர்கள், தள்ளுபடியாகும். தாலுகா சர்வேயர் உதவியோடு புலப்படப்படி அளந்து, கிணறு, போர்வெல், வரப்பு, மரங்களைக் குறிக்கக் கேளுங்கள். வரப்பிலிருந்து அளக்க விடாதீர்கள், வரப்பு நகரும். சர்வே கல்லிலிருந்து, பக்கத்து உட்பிரிவையும் சேர்த்து அளக்கணும். கல் காணோம் என்றால் அதையும் அறிக்கையில் பதியச் சொல்லுங்கள். கரும்பு நிற்கும்போது சங்கிலி போகாது, வெட்டியபின் தேதி கேளுங்கள். அறிக்கையில் தப்பிருந்தால் ஆட்சேபணையை உடனே எழுத்தில் தாக்கல் செய்யணும்.