ஜி.எச்.சில் சேர்க்க கோர்ட் ஆர்டர் வேண்டுமா? எங்கள் வீட்டு அனுபவம்

மனநலம் பாதித்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் இல்லை. ஆனாலும் எங்களிடம் கேட்டார்கள்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டால் வீட்டில் தங்க மாட்டான். போன வருடம் அப்படிக் கிளம்பிப் போய், பக்கத்து மாவட்டத்து பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ சத்தம் போட்டிருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஏட்டு, “ஜி.எச்.ல சேத்துக்க மாட்டாங்கம்மா, கோர்ட்ல ஆர்டர் வாங்கணும்” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டூட்டி டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அதெல்லாம் பழைய 1987 மனநலச் சட்டத்துப் பழக்கம். இப்போது நடப்பில் இருப்பது 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-ல் அமலுக்கு வந்தது. இதன் 100-வது பிரிவுப்படி, இப்படி அலைகிறவரை போலீஸ் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் கொண்டுபோய் விட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 94-வது பிரிவு இன்னும் முக்கியம். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்றால், மனநல மருத்துவர் இல்லாத இடத்திலும் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் வழியும் சட்டத்தில் உண்டு, ஆனால் அது ஒன்றே வழி இல்லை.

போனில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். டாக்டர் நிதானமாகப் படித்தார், யாருக்கோ போன் போட்டார், அப்புறம் “சரி, ஊசி போட்டு வார்டுல வைக்கிறேன், காலையில மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிடலாம்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டம் மாறியதை அந்த வார்டு வரைக்கும் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

மெடிக்கல் காலேஜில் நடந்தது வேறு கதை. 89-வது பிரிவில் சேர்த்தார்கள். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும், அதிகபட்சம் 30 நாள். கொஞ்சம் தெளிந்ததும் அண்ணனிடம், “உங்க சார்பா பேச யாரை வெச்சுக்கறீங்க?” என்று சமூகப் பணியாளர் கேட்டார். நியமனப் பிரதிநிதி என்பார்கள், 14-வது பிரிவு. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பாவும் நானும் பக்கத்திலேயே நிற்கிறோம், அவன் எழுதியதோ தெருமுனை டீக்கடைக்காரர் பெயரை. “பெத்தவன் நான் உசுரோட இருக்கேன்” என்று அப்பா வராந்தாவிலேயே கத்திவிட்டார்.

டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். தினமும் மாத்திரை போடச் சொல்லி வீட்டில் சண்டை நடப்பதை அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறான். “மாசம் ஒரு ஊசின்னு போட முடியாதா சார்?” என்று அவர்தான் டாக்டரிடம் கேட்டார். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வரும் நாளில் அந்த ஊசி போடுகிறார்கள். அப்பா இன்னும் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை, அது கிடக்கட்டும்.

குறை என்றால் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர் எங்கே தங்குவது? ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு 28 பேர் தீயில் செத்தார்கள். இப்போது சங்கிலியால் கட்டுவதை 95-வது பிரிவு தடை செய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்க வைக்கும் இடைநிலை இல்லங்களை அரசு அமைக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு இல்லத்தைத் தேடி ஓய்ந்துவிட்டோம்.

மருந்து விஷயம் ஒன்று. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றை அரசு மருத்துவமனையில் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும், 18-வது பிரிவு. ஒருமுறை “ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்குங்க” என்றார்கள். சண்டை போடவில்லை. “அதையே சீட்டுல எழுதி சீல் வெச்சுக் குடுங்க” என்றேன். பார்மசிஸ்ட் உள்ளே போய்விட்டு, இரண்டு அட்டை ஒலான்சபைன் மாத்திரையோடு வந்தார்.