குன்னூர் வழி ஏற்றம், கல்லட்டி, கோத்தகிரி இறக்கம்: 34/28 கியரில் நீலகிரி சுற்று முடியுமா?

கேள்வி: மிதிவண்டி_கோவை

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் நீலகிரி சுற்றுத் திட்டம்.

முதல் நாள் மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி. இரண்டாம் நாள் ஊட்டி – பைக்காரா – கூடலூர் – தெப்பக்காடு – மசினகுடி – கல்லட்டி – ஊட்டி, ஏறத்தாழ 105 கி.மீ. மூன்றாம் நாள் கோத்தகிரி வழியாக இறக்கம்.

வண்டியில் ஷிமானோ 105 கியர் செட், 11 ஸ்பீடு (ஆர்7000). முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். ரிம் பிரேக், அலுமினிய ரிம், 25 மி.மீ. டயர். என் எடையும் வண்டியும் சேர்த்து 80 கிலோ. கியர் போதுமா? ஏற்றத்துக்கு எந்தப் பாதை? முதுமலை வழியாக சைக்கிளில் போகலாமா?

பதில் 1: கொண்டைஊசி36

கியரை முதலில் பார்ப்போம். 34/28-ல் (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு 10.7 கி.மீ. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் சரிவு சராசரியாக 9 சதவீதம். 80 கிலோவை அந்த வேகத்தில் மேலே தள்ள 230 வாட் வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு இல்லையென்றால் சுற்று 50-க்கு இறங்கி, முழு பாரமும் முட்டியில் விழும். 34/34 போட்டால் அதே 70 சுற்றில் 8.8 கி.மீ., சுமார் 190 வாட் போதும். அந்த 40 வாட் மிச்சம்தான் கடைசி பத்து வளைவுகளில் மிதிக்கிறோமா, தள்ளிக்கொண்டு நடக்கிறோமா என்பதை முடிவு செய்யும்.

கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மட்டும் மாற்றினால் வேலை முடியாது. 11-28 வண்டிகளில் பெரும்பாலும் குட்டைக் கூண்டு ரியர் டிரெய்லியர் (பின் கியர் மாற்றி, எஸ்எஸ் வகை) இருக்கும். ஆர்7000 எஸ்எஸ் 30 பல் வரைதான் தாங்கும். 34-க்கு நீளக் கூண்டு ஜிஎஸ் வேண்டும். எச்ஜி800 வகை 11-34 கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப்பில் (கேசட் ஏறும் பின்சக்கர உருளை) ஏற்றும்போது உள்ளே 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் போட வேண்டும். மறந்தால் கேசட்டை இறுக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடிக்கொண்டே இருக்கும்.

பழைய செயினையும் விட்டுவிடாதீர்கள். 28-க்கு வெட்டிய செயின் 34-க்குக் குட்டை. தவறிப்போய் முன்னால் 50, பின்னால் 34 பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியரை முன்னால் இழுத்து, அதைத் தாங்கும் ஹேங்கரை முறித்துவிடும். புதுச் செயினைப் பெரிய-பெரிய பல்லில் சுற்றி அளந்து வெட்டுங்கள். பிறகு டிரெய்லியரின் பி-ஸ்க்ரூவை முறுக்கி, அதிலுள்ள மேல் ஜாக்கி சக்கரம் (செயினை வழிநடத்தும் சிறு சக்கரம்) 34 பல்லை உரசாதபடி விலக்குங்கள். செயின் கடைசிப் பல்லைத் தாண்டாமல் தடுக்கும் லோ லிமிட் ஸ்க்ரூவை ஸ்டாண்டிலேயே சரிபாருங்கள். அது தளர்ந்திருந்தால், அழுத்தி மிதிக்கிற நேரத்தில் செயின் ஸ்போக்குக்குள் விழும். மலையில் அதற்கு மருந்து இல்லை.

பதில் 2: தேயிலைத்தூள்

முதலில் தேதியை மாற்றுங்கள். பொங்கல் லீவில் ஊட்டிச் சாலை சாலையாக இருக்காது, கார் நிறுத்துமிடமாக இருக்கும். பொங்கலுக்குப் பிந்தைய வார நாட்கள், இல்லையென்றால் பிப்ரவரி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கி, மேலே போகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் கீழே வருகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் சைக்கிளுக்கு நெரிசல். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரியும், மரம் விழும். கூடலூர்ப் பக்கம் ஜூன் – செப்டம்பர் தென்மேற்கு மழை.

முதல் நாளையும் மூன்றாம் நாளையும் இடம் மாற்றுங்கள். ஏறும்போது நம் வேகம் 8–10 கி.மீ.தான், பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் நம்மை முந்தியாக வேண்டும். குன்னூர்ச் சாலையில் அது நாள் முழுக்க நடக்கும். கோத்தகிரிச் சாலையில் பஸ், லாரி குறைவு, சரிவும் சீராக 5 சதவீதத்தை ஒட்டியே போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. குஞ்சப்பனையிலும் அரவேணுவிலும் டீக்கடை உண்டு. கோத்தகிரியில் ஏற்றம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டபெட்டு தாண்டித் தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடி ஏற்றம், அதற்குப் பிறகுதான் ஊட்டிக்குள் இறக்கம். அந்த 28 கி.மீ.க்காகக் கால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

இறங்கும்போது பஸ்ஸும் நம் வேகத்தில்தான் போகும். அதனால் கூட்டமுள்ள குன்னூர்ச் சாலையை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதில் 3: பிரேக்ஷூ

மேலே சொன்னதில் கடைசி வரி மட்டும் இந்த வண்டிக்குப் பொருந்தாது. பஸ்ஸுக்குப் பின்னால் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் ரிம் பிரேக்கை விடவே முடியாது. கணக்குப் போடுங்கள்: 80 கிலோ, குன்னூரிலிருந்து மலையடிவாரக் கல்லாறு வரை சுமார் 1,400 மீட்டர் இறக்கம், 1,100 கிலோஜூல். மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. வேகமாக இறங்கினால் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் மொத்தமும் ரிம்முக்குத்தான்.

சூட்டில் முதலில் தோற்பது பலரும் பார்க்காத ரிம் டேப், அதாவது ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளை மூடும் பட்டை. பிளாஸ்டிக் டேப் இளகி ஒதுங்கும், டியூப் ஸ்போக் ஓட்டைக்குள் பிதுங்கும், வளைவின் நடுவில் டப்பென்று போகும். துணி டேப்புக்கு மாற்றுங்கள், இரண்டு சக்கரத்துக்கும். பிரேக் ஷூவைக் கழற்றி, முகப்பில் மின்னுகிற அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுங்கள். அவைதான் ரிம்மை அறுக்கின்றன, கிரீச் சத்தமும் அவற்றால்தான். ஷூவின் கோடுகள் மறைந்திருந்தால் புதுசு மாட்டுங்கள். 25 டயரில் முன்னால் 80, பின்னால் 85 பிஎஸ்ஐ போதும். 110 அடித்தால் ஈர வளைவில் பிடிப்பு இருக்காது. 28 டயர் ஃபிரேமில் இடிக்காமல் நுழைந்தால் அதையே போடுங்கள்.

பிடிக்கிற முறை: கையை டிராப்பில் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவில்) வைத்து, வளைவுக்கு முன்பே நிமிர்ந்த வண்டியில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுவதுமாக விடுங்கள். லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் ரிம்மைக் கொல்கிறது. பஸ் முன்னால் மாட்டிக்கொண்டால் முந்த வேண்டாம், ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நில்லுங்கள். ரிம்மை வெறும் விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். சீறினால் இன்னும் நில்லுங்கள்.

இந்த வண்டிக்கு என் ஓட்டு: ஏற்றமும் கோத்தகிரி, இறக்கமும் கோத்தகிரி. குன்னூர் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஊட்டியிலிருந்து கேத்தி, அருவங்காடு வழியாக இறங்கி, கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி போய்ச் சேரலாம்.

மிதிவண்டி_கோவை

நன்றி ஜி. ஜிஎஸ், 11-34, செயின் மூன்றும் வாங்கிவிடுகிறேன். தேதி பிப்ரவரிக்கு மாற்றம். இரண்டாம் நாள் பற்றி யாராவது சொல்லுங்கள். கல்லட்டியில் ஏறாமல் இறங்கினால் சுலபமா?

பதில் 4: சீகூர்வாசி

இறங்காதீர்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி. வெளியூர் மோட்டார் வண்டிகளையே ஊட்டியிலிருந்து கீழே விடுவதில்லை. பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த கார்கள் அத்தனை. சைக்கிளுக்கு அது ஏறுகிற பாதை மட்டுமே.

ஏறும்போது ஒரு நுணுக்கம். நாம் இடதுபக்கம் போகிறவர்கள். வலதுபுறம் திரும்பும் கொண்டை ஊசியில் வெளிவட்டம் கிடைக்கும், சரிவு தளர்ந்து ஓர் இளைப்பாறல். இடதுபுறம் திரும்புவதில் உள்ஓரம் சுவர் மாதிரி நிற்கும். அதற்குப் பத்து மீட்டர் முன்பே கடைசி கியருக்கு வந்துவிடுங்கள். உள்ளே போனபின் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் குதிக்கும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனால் இறங்கும் பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் தேவை. ஹாரன் கேட்டால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள், சட்டம் பேசுகிற இடமில்லை.

தொரப்பள்ளி – தெப்பக்காடு – மசினகுடி துண்டைச் சைக்கிளில் போக வேண்டாம். முதுமலைப் புலிகள் காப்பகம் அது, வண்டியை நிறுத்தவே கூடாது. பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? கூடலூரில் பிக்அப் பிடித்துச் சைக்கிளை ஏற்றி மசினகுடியில் இறக்கிக்கொள்ளுங்கள். மசினகுடியை விட்டு மாவனல்லா தாண்டும் வரையும் காடுதான். காலை 8-க்கு முன்னும் மாலை 4-க்குப் பின்னும் அங்கே இருக்காதீர்கள். ஆவி பறக்கும் சாணமோ புதிதாக ஒடிந்த கிளையோ சாலையில் கிடந்தால் யானை பக்கத்தில்தான். மணி அடிக்காமல் திரும்பி வந்து, அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள்.

காடு வேண்டாமென்றால் ஊட்டி – பைக்காரா – நடுவட்டம் போய் அதே வழியில் ஊட்டி திரும்புங்கள், மொத்தம் சுமார் 70 கி.மீ. ஏற்றம் கல்லட்டியைவிட எவ்வளவோ தணிவு. கல்லட்டி ஏறாத நீலகிரி ரைடு ஒரு ரைடா என்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

பதில் 5: தேயிலைத்தூள்

பிரேக்ஷூ சொன்ன கணக்கு சரி. ரிம் பிரேக்குக்குக் கோத்தகிரி இறக்கமே நல்லது, என் வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

குஞ்சப்பனைப் பக்கமும் யானை வரும். பலாப்பழ சீசனில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதிகம். பிப்ரவரியில் தொல்லை குறைவு என்றாலும் விடிந்த பிறகே கிளம்புங்கள். கோத்தகிரி தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை நிற்கும். கூட்டமாக நின்றால் தானாக விலகும். தனிக் கடாவாக இருந்தால் விலகுவது நீங்கள்தான்.

தண்ணீர்: மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பனைக்குத் தடை. சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களில் 5 ரூபாய் நாணயம் போட்டுப் பிடிக்கலாம், சில்லறை கையில் இருக்கட்டும். 750 மி.லி. பாட்டில் இரண்டு. உணவு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அதாவது இரண்டு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும். வர்க்கி ருசிதான், ஏறும்போது தொண்டையில் நிற்கும்.

துணைக்குக் கார் வந்தால் அதற்கு இ-பாஸ் (நீலகிரிக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி) எடுங்கள்.

பதில் 6: பிரேக்ஷூ

ஒன்று விட்டுப்போனது, கையுறை. ஊட்டியில் பிப்ரவரி காலை 7 மணிக்கு இறங்க ஆரம்பித்தால் கட்டபெட்டு வருவதற்குள் விரல் மரத்துவிடும். மரத்த விரலுக்கு லீவரை எவ்வளவு இழுத்தோம் என்றே தெரியாது. முழுவிரல் கையுறை, மார்பை மூடும் விண்ட்சீட்டர், பின்னால் பகலிலும் எரியும் சிவப்பு விளக்கு. முடிந்தால் 9 மணிக்குக் கிளம்புங்கள். அதற்குள் சாலையின் நிழல் பகுதியில் பனி ஈரமும் காய்ந்திருக்கும்.