அப்பா விட்டுப்போன நிலவுக்கலம்: தங்கத் தாள் உரிகிறது, ஜன்னல் வெளுக்கிறது, உதவுங்கள்

நிலாக்கூடு, சாட்ஸ்வர்த்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் அலமாரியில் மோனோகிராம் கம்பெனியின் 1/48 அளவு அப்பல்லோ நிலவுக்கல மாடல் கிட் ஒன்று பாதி ஒட்டிய நிலையில் கிடைத்தது. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதை அவர் ரேடியோவில்தான் கேட்டார். நம் தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976-இல்தானே. பிறகு டர்பன் கிரே தெருக் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினாராம். அவர் விட்ட இடத்திலிருந்து முடிக்க ஆசை. பெட்டியில் இல்லாத சிலவற்றை நானே செய்து சேர்க்கிறேன், அங்கேதான் சிக்கல்.

காவடி அலங்காரத்தில் மிஞ்சிய ஜிகினாத் தாளை வெள்ளைக் கோந்தால் கீழ்ப் பாகத்தில் ஒட்டினேன். மூன்று நாளில் ஓரமெல்லாம் எழும்பிவிட்டது. உரித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம். பிஸ்கட் டப்பாவின் கண்ணாடி பிளாஸ்டிக்கில் முக்கோண ஜன்னல்கள் வெட்டி சூப்பர் குளூ வைத்தேன். காலையில் பார்த்தால் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கலத்தின் பாதங்களுக்குக் கீழே நீண்டு தரையை முதலில் தொடும் தொடுகம்பிகளுக்கு, கிட்டின் துண்டுகள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து நான்கு செய்தேன். தூசி தட்டினாலே ஒடிகின்றன. என்ன தவறு செய்கிறேன்?

பசைப்பெட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தம்பி, ஜன்னலை முதலில் சொல்லிவிடுகிறேன். சூப்பர் குளூ இறுகும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும். அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளையாகப் படியும். டர்பனில் பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிதாக வெட்டுங்கள், டப்பாதான் இருக்கிறதே. ஜன்னலுக்கு வெள்ளைக் கோந்து போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

தாளுக்கு அந்தக் கோந்து ஆகாது. அதிலுள்ள தண்ணீர் வெளியேற வழி வேண்டும். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் உலோகத் தாள், நடுவே மாட்டிய ஈரம் எங்கே போகும்? படச்சட்டத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டும் பசை வாங்குங்கள். பாகத்தைப் பாத்திரச் சோப்பால் கழுவிக் காயவிட்டு, பசையை மெல்லப் பூசிக் காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டி உடனே விடுபட வேண்டும், முட்டியில் பசை வரக்கூடாது. அந்தப் பதத்தில் தாளை வையுங்கள்.

ரேக்குத்தாள், ஃபீனிக்ஸ்:
ஐயா சொன்ன பசையைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தம்பி, ஜிகினா வேண்டாம்ப்பா. அது கோயில் தேர் மாதிரி பளபளக்கும். உண்மையான கலத்தில் இருந்தது தங்கமே அல்ல. காப்டன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம், பின்பக்கம் அலுமினியப் பூச்சு. பிளாஸ்டிக்கின் தேன் நிறம் வழியாக அலுமினியம் தெரிவதால் பொன்னாகத் தோன்றும். அதே வழியில் நாமும் செய்யலாம். சமையல் ஃபாயிலைக் கசக்கிப் பிரித்து ஒட்டி, மேலே டமியா பெயின்ட் எக்ஸ்-24 தெளிவான மஞ்சளில் எக்ஸ்-26 தெளிவான ஆரஞ்சு கொஞ்சம் கலந்து பூசுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் கலவையைச் சற்று மாற்றினால் அழகாக வரும். மேல் பாகத்தைப் பொன்னால் மூடாதீர்கள். அங்கே பெரும்பாலும் சாம்பல், கறுப்புத் தகடுகள்தான்.

அப்புறம், தொடுகம்பி நான்கு அல்ல, மூன்று. அப்பல்லோ 11-இல் ஏணி இருந்த முன் காலில் கம்பி கிடையாது. வளைந்த கம்பி ஏணிக்கடியில் நீட்டிக்கொண்டு, இறங்குபவர்களுக்கு ஆபத்தாகிவிடக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். அசல் நீளம் ஏறக்குறைய 1.7 மீட்டர், உங்கள் அளவில் 35 மில்லிமீட்டர். கலம் பறப்பதாகக் காட்டினால் கிடாரின் மெல்லிய எஃகுத் தந்தி நேராக நிற்கும். தரையில் நிற்கப் போகிறதா?

நிலாக்கூடு:
தரையில்தான் அக்கா. நிலாத் தரையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துவிட்டேன்.

ரேக்குத்தாள்:
அப்படியானால் தந்தி வேண்டாம். தரையைத் தொட்டதும் அவை வளைந்துபோயின, புகைப்படங்களில் நன்றாகத் தெரியும். பழைய மின்வயரை உரித்து ஒரு செப்பு இழையை எடுங்கள். விரலால் மடக்கித் தரையோடு படுக்க வைத்துவிடலாம்.

நிலாக்கூடு:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ரேக்குப் பசையில் ஒட்டிய தாள் இம்மியும் எழும்பவில்லை. கம்பி மூன்றும் வைத்தாயிற்று. இன்னும் இரண்டு கேள்விகள். கிட்டோடு வந்த, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் கொடி ஸ்டிக்கர் மஞ்சளடித்துவிட்டது, என்ன செய்வது? முன் கால் சேரும் இடத்தில் அப்பாவின் கைரேகை பழைய பசையில் அப்படியே பதிந்திருக்கிறது. கால்களிலும் தாள் சுற்றியிருந்தது என்கிறார்கள். சுற்றினால் ரேகை மறைந்துவிடுமே.

பசைப்பெட்டி:
ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். சில நாளில் மஞ்சள் வெளுக்கும். பழசு, தண்ணீரில் போட்டால் துண்டு துண்டாகிவிடும். அதனால் முதலில் தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு தெளித்துவிடுங்கள்.

முன் காலில் அந்த இடம் வரை மட்டும் தாளைச் சுற்றி நிறுத்துங்கள். ரேகைமேல் தண்ணீராகக் கரைத்த சாம்பல் நிறம் ஒரே பூச்சு போதும், கோடுகள் தெரியும். உப்புத்தாள் அங்கே படவே கூடாது தம்பி.