கலைச்சொல் வேண்டும்: அனலாக் கோரஸ் பெடல் (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். கிட்டார் கத்துக்கறவங்களுக்காக எஃபெக்ட்ஸ் பெடல் பத்தின ஒரு பாடக்குறிப்பை தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். டிஸ்டார்ஷன், டிலே எல்லாம் எப்படியோ தாண்டிட்டேன், கோரஸ்ல வந்து நின்னுபோச்சு. நம்ம பழைய சொற்பட்டியல்ல 'சேர்ந்திசை'ன்னு இருக்கு. அதைப் போட்டா வாக்கியம் இப்படி வருது: "சேர்ந்திசையின் ஆழத்தைக் கூட்டினால் சுருதி அதிகமாக ஆடும்." இதைப் படிக்கற பையன் பத்து பேர் வரிசையா நின்னு பாடறாங்கன்னுதான் நினைப்பான். இங்க இருக்கறது ஒரே ஆள், ஒரே கிட்டார், காலுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி.

எனக்கு வேண்டியது நாலு சொல். கோரஸ்ங்கற அந்த விளைவு, பெடல், உள்ள இருக்கற பக்கெட் பிரிகேட் சிப், அப்புறம் அனலாக்.

* * *

தம்பி, சொல் தேடறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டி என்ன செய்யுதுன்னு பேசிடுவோம், இல்லன்னா இங்கிலீஷ் சொல்லைப் பாத்து சொல் கட்டி, மறுபடி சேர்ந்திசையிலயே போய் நிப்போம். நான் இந்தப் பெடலைக் கழட்டி மாட்டற ஆள், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

கிட்டார்லேர்ந்து வர்ற சிக்னல் உள்ள ரெண்டாப் பிரியுது. ஒண்ணு நேரா வெளிய போயிடும். இன்னொண்ணு சில மில்லிசெகண்ட், அதிகமாப் போனா ஒரு முப்பது மில்லிசெகண்ட் பின்தங்கி வரும். அந்தத் தாமதம் ஒரே அளவா நிக்காது, ஒரு மெதுவான அலை அதைக் கூட்டிக் குறைச்சுகிட்டே இருக்கும். தாமதம் கூடிகிட்டே போறப்ப சுருதி லேசா இறங்கும், குறையறப்ப லேசா ஏறும், ஹாரன் அடிச்சுகிட்டே நம்மளைக் கடந்து போற வண்டியோட சத்தம் மாறுதே அந்த மாதிரி. இப்படி ஆடற நகல் நேர் ஒலியோட கலக்கறப்பதான் காதுக்கு ஒண்ணுக்கு மேல கிட்டார் இருக்கற மாதிரி தோணுது. நேர் ஒலியை எடுத்துட்டு நகலை மட்டும் கேட்டீங்கன்னா அது வெறும் வைப்ரேட்டோதான், அதாவது சுருதி மட்டும் ஆடற ஒலி. 1976ல வந்த பாஸ் சி.இ.1ங்கற பெடல்ல இது ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்துச்சு, காலால மாத்திக்கலாம். அதுக்கு முந்தின வருஷம் வந்த ரோலண்ட் ஜே.சி.120 ஆம்ப்ளிஃபயர் எனக்கு இன்னும் பிடிச்சது, அதுல நேர் ஒலி ஒரு ஸ்பீக்கர்லயும் ஆடற ஒலி இன்னொரு ஸ்பீக்கர்லயும் வரும், கலப்பு நடக்கறது மின்சுற்றுக்குள்ள இல்ல, காத்துல.

அதனால நம்ம சொல்லுக்குள்ள மூணு விஷயம் இருக்கணும்: நகல், பின்தங்கல், ஆட்டம். 'சேர்ந்து'ங்கறது இது மூணும் சேந்து உண்டாக்கற பிரமை, அவ்ளோதான்.

* * *

> நகல், பின்தங்கல், ஆட்டம்

அப்படின்னா சொல் ஏற்கெனவே இருக்கே. பின்பாட்டு. முன்னாடி ஒருத்தர் பாடறார், பின்னாடி இருக்கறவங்க அதையே வாங்கிப் பாடறாங்க, நேரத்துலயும் சுருதியிலயும் இம்மி பிசகாம வராது, அந்தப் பிசகுதான் பாட்டுக்கு ஒரு கனம் குடுக்குது. நான் கிட்டார் சொல்லிக் குடுக்கறவ, கோரஸ் பெடலைப் புள்ளைங்களுக்கு விளக்கறப்ப இதைத்தான் சொல்லுவேன், அடுத்த நிமிஷம் புரிஞ்சுக்குவாங்க. சேர்ந்திசையில எல்லாரும் சமம். கோரஸ் பெடல்ல சமம் கிடையாது, ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. பின்பாட்டுன்னு போடு தம்பி.

* * *

அன்புடையீர், பின்பாட்டு நல்ல சொல், ஆனா அதுக்கு இன்னிக்கு வழக்கத்துல இருக்கற பொருள் வேற. "அவன் சொல்றதுக்கெல்லாம் இவன் பின்பாட்டு பாடறான்"னா அது வசவு.

கோரஸுங்கற சொல்லோட வேர் கிரேக்கத்துல 'கொரோஸ்'. கூடி ஆடறது, ஆடிகிட்டே பாடறது. நம்மகிட்ட அதே பொருள்ல 'குரவை' இருக்கு. கைகோத்து வட்டமா நின்னு ஆடிப் பாடற கூத்து. சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவையில மாதரி ஏழு பெண்களை நிறுத்தி அவங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு சுரத்தோட பேரையே வைக்கறா. ஆளும் சுரமும் ஒண்ணா நிக்கற இடம் அது. கொரோஸ், குரவை, ரெண்டுக்கும் ஒலியும் பொருளும் இவ்வளவு நெருக்கமா இருக்கறது தற்செயல்னு என்னால எடுத்துக்க முடியல. என் முன்மொழிவு: குரவை. பெடலுக்குக் குரவை மிதி.

* * *

ஐயா, குரவை அழகான சொல்லு, ஆனா அந்த வேர் உறவை நான் ஏத்துக்க மாட்டேன். ரெண்டு மொழியில ரெண்டு சொல் ஒலியில ஒத்துப் போறதை மட்டும் வச்சுகிட்டு உறவு சொல்ல ஆரம்பிச்சா எந்த மொழியையும் எந்த மொழியோடயும் முடிச்சுப் போட்டுடலாம். வேற சொற்கள்லயும் இதே மாதிரி ஒலி மாத்தம் ஒழுங்கா நடந்திருக்கணும், இடையில கைமாறின தடம் இருக்கணும். அது இல்லாத வரைக்கும் நமக்குப் பிடிச்ச ஒற்றுமை அது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. குரவையிடறதுன்னா நாக்கைச் சுழட்டிக் குலவை போடறதுன்னும் அகராதியில பொருள் உண்டு. புதுசாக் கேக்கறவன் குரவைப் பெடல்னதும் மிதிச்சா குலவைச் சத்தம் வரும்னு நினைக்க மாட்டானா?

பின்பாட்டைப் பத்தியும் ஒண்ணு, அக்கா கோவிச்சுக்கக் கூடாது. பின்பாட்டுல ஒரு அடி முடிஞ்சப்பறம்தானே பின்னாடி இருக்கறவங்க வாங்கிப் பாடறாங்க? அது டிலே பெடல், எதிரொலிக்குப் பொருந்தும். இங்க இருபது மில்லிசெகண்ட், ரெண்டு ஒலின்னு காது பிரிச்சே பாக்காது.

* * *

எழுத வர்றதுக்குள்ள இவ்ளோ மடல். மொழிபெயர்ப்பாளர் சார்புல ரெண்டு வரி. 'உடன்பாட்டு'ன்னு யாராவது சொல்லுவீங்கன்னு எதிர்பாக்கறேன், தயவுசெஞ்சு வேணாம். உடன்பாடுங்கற சொல் உருபு ஏத்தா உடன்பாட்டை, உடன்பாட்டுக்குன்னுதான் வரும். 'உடன்பாட்டுப் பெடல்'னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுட்டு மிதிக்கற பெடலா ஆயிடும். 'இணைகுரல்'னும் வேணாம். இணை, கிளை, பகை, நட்புன்னு நரம்புகளுக்குள்ள, அதாவது சுரங்களுக்குள்ள இருக்கற உறவுக்கு இசைத்தமிழ்ல பேர் இருக்கு, குரல்ங்கறதோ முதல் சுரத்தோட பேரு. ஹார்மனி போடற பெடல்னு தெரிஞ்சவங்க தப்பா எடுத்துக்குவாங்க.

* * *

கோரஸ் ஒரு பக்கம் ஓடட்டும், அந்தச் சிப்புக்கு நான் சொல்றேன். பக்கெட் பிரிகேட்ங்கறது தீ அணைக்கறப்ப ஆளுங்க வரிசையா நின்னு வாளியைக் கைமாத்திக் கைமாத்திக் கொண்டு போறதுலேர்ந்து வந்த பேரு. 1969ல ஃபிலிப்ஸ் ஆய்வகத்துல சாங்ஸ்டர், டீர்னு ரெண்டு பேர் உருவாக்கினது. சிப்புக்குள்ள வரிசையா குட்டிக் குட்டி கெபாசிட்டர். ஒவ்வொண்ணும் தன்கிட்ட இருக்கற மின்னூட்டத்தை அடுத்ததுக்குத் தள்ளிவிடும், எப்பத் தள்ளணும்னு ஒரு கடிகாரத் துடிப்பு சொல்லும். எம்.என்.3007ங்கற சிப்புல இப்படி 1024 படி. துடிப்பு நொடிக்கு ஒரு லட்சம்னா தாமதம் 5.12 மில்லிசெகண்ட், பத்தாயிரம்னா 51.2. துடிப்போட வேகத்தை ஆட்டினா தாமதம் ஆடும், தாமதம் ஆடினா சுருதி ஆடும், மொத்த கோரஸும் இவ்வளவுதான். வாளிவரிசைன்னு வச்சுக்கலாமா?

* * *

வாளிவரிசை சரி. புணர்ச்சியில ஒரு தொந்தரவும் இல்ல, சொன்னதும் படம் தெரியுது. மேல போகலாம்.

* * *

எனக்கும் சரிதான். அனலாக்குக்கு 'தொடர்முறை'ன்னு எழுதி வச்சிருக்கேன், டிஜிட்டலுக்கு 'எண்முறை'. மாத்தணுமா?

* * *

> தொடர்முறை

மாத்தணும். வாளிவரிசையே தொடர் இல்லையே தம்பி. அது நேரத்தைத் துண்டு துண்டா நறுக்குது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வாளி. அதனாலதான் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஃபில்டர் வைக்கறாங்க, மேல் அலைவரிசைகளை வெட்டலன்னா கடிகாரச் சத்தமும் கள்ள ஒலிகளும் உள்ள வந்துடும். பழைய அனலாக் கோரஸ்ல உச்ச ஒலி மங்கி, மெத்துன்னு கேக்குதே, அதுக்கு இந்த ஃபில்டர் ஒரு பெரிய காரணம். ஆனா வாளிக்குள்ள இருக்கறது எண் இல்ல, அளவு. எவ்வளவு ஊத்தினாங்களோ அவ்வளவு. டிஜிட்டல் பெடல்ல அதையும் எண்ணி எண்ணாக்கிடுவாங்க. நேரத்துல துண்டு, அளவுல தொடர்ச்சி, ரெண்டும் கெட்டான் இது. 'தொடர்முறை'ன்னு எழுதினா நாளைக்கு ஒரு மாணவன் வந்து இது தப்புன்னு சொல்லுவான், அவன் சொல்றதுதான் சரியா இருக்கும்.

* * *

இந்த மடலைப் படிச்சதும் எழுந்து போய்த் தொல்காப்பிய உரையை எடுத்துட்டு வந்தேன். அளவை ஏழுன்னு அங்க சொல்லியிருக்கு: நிறுத்தளத்தல், பெய்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்கமுகந்தளத்தல், எண்ணியளத்தல். நிதானமாப் படிங்க. நரம்பைத் தெறிச்சு ஒலியால அளக்கறது அதுல இருக்கு. வாளியில முகந்து அளக்கறது இருக்கு. எண்ணி அளக்கறது இருக்கு, அது நீங்க சொல்ற டிஜிட்டல். இன்னொண்ணோட சார்த்தி, அதாவது ஒப்பு வச்சு அளக்கறது, அது சார்த்தியளத்தல். மாத்திரையைக் கண்ணிமையோட ஒப்பு வச்சு அளக்கறோமே, அந்த அளவை. அனலாக்ங்கற சொல்லுக்கும் வேர்ப்பொருள் ஒப்புதானே! கம்பி எப்படி அதிருதோ அதுக்கு ஒப்பா மின்னழுத்தம் ஏறி இறங்குது. அனலாக்குக்குச் 'சார்த்துமுறை'. குரவையை நீங்க ஒதுக்கினாலும் இதை ஒதுக்காதீங்க.

* * *

ஐயா, உண்மையைச் சொல்றேன், நான் இத்தனை வருஷமா சர்க்யூட் பாத்துட்டு இருக்கேன், அனலாக்னா என்னன்னு இவ்வளவு தெளிவா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. எனக்குச் சார்த்துமுறை சம்மதம்.

* * *

எனக்குச் சம்மதம் இல்ல. சொல் சரியா இருக்கறது ஒரு விஷயம், பதினஞ்சு வயசுப் பையன் அதைப் பாத்ததும் ஓடாம இருக்கறது இன்னொரு விஷயம். பெடல் மேல அச்சடிச்சிருக்கறது கோரஸ், அனலாக், ரேட், டெப்த். அவன் பெட்டியைக் கையில வச்சுகிட்டு குறிப்பைப் பாக்கறப்ப ரெண்டும் ஒண்ணுன்னு தெரியணும். அனலாக்குக்குப் பாடநூல்ல 'ஒப்புமை' ஏற்கெனவே புழங்குது, ஐயா சொல்ற பொருளும் அதுதான், அப்ப எதுக்குப் புதுசா ஒண்ணு? கோரஸ் கோரஸாவே இருக்கட்டும். நாலு பேர் ஒண்ணாக் கத்தினா 'கோரஸா சொன்னாங்க'ன்னு நாம எப்பவோ பேச ஆரம்பிச்சாச்சு, அது தமிழுக்குள்ள வந்து உக்காந்த சொல்.

* * *

> கோரஸா சொன்னாங்க

அதுதான் கோளாறு. தமிழ்ல கோரஸ்னா எல்லாரும் ஒரே நேரத்துல. பெடல்ல ஒரே நேரத்துல வந்தா விளைவே கிடையாது, சத்தம் கூடுமே தவிர கோரஸ் வராது. கடன் சொல்லே தப்பான பொருளோட உள்ள வந்திருக்கு, அதை அப்படியே விட்டா புள்ளைங்க அந்த ஆழக் குமிழ் எதுக்குன்னே தெரியாம திருப்பிட்டு இருப்பாங்க. டெப்த் குமிழ் ஒலியை ஆழமாக்கும்னு நினைச்ச பசங்களை நான் பாத்திருக்கேன். பின்தங்கல் எவ்வளவு தூரம் ஆடுதுங்கறதுதான் ஆழம். பின்பாட்டுன்னு ஒரு தடவை சொல்லிட்டா இது தானா விளங்கும். வசவாப் புழங்குதுங்கறாங்க, ஒத்து ஊதறதுங்கறதும்தான் வசவு, அதுக்காக நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல ஊதற ஒத்துக்குப் பேரையா மாத்திட்டோம்? டிலேக்குத்தான் பொருந்தும்ங்கறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். டிலேல திரும்பி வர்ற ஒலி தனியா நிக்கும், அது எதிரொலி. நல்ல பின்பாட்டுல அடி முடியற வரைக்கும் யாரும் காத்துகிட்டு இருக்க மாட்டாங்க, கடைசிச் சொல்லோட வாலைப் பிடிச்சே ஏறிடுவாங்க, ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு உரசற அந்த இடம்தான் கோரஸ்.

* * *

பெடலுக்கு 'மிதி' பத்தி யாரும் பேசலையே? மிதிவண்டியில வினையா நிக்கற மிதி இங்க பெயராயிடும், முதனிலைத் தொழிற்பெயர் கருவிக்கு ஆகி வந்தது, இலக்கணத்துல தடை ஒண்ணும் இல்ல. ஆனா வைப்ரேட்டோ மிதி, டிலே மிதின்னு எல்லாத்தையும் மாத்தணும், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு தெரியல.

* * *

முடியாது அண்ணே, பெடல் பெடலாவே இருக்கட்டும். இதுவரைக்கும் எண்ணிப் பாத்தேன்: கோரஸை அப்படியே விடலாம்னு மூணு பேர், அதுல ரெண்டு பேர் தனி மடல்ல "போதும்ப்பா"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. பின்பாட்டுக்கு அக்கா. குரவைக்கு ஐயா. வாளிவரிசை எல்லாருக்கும் சம்மதம். அனலாக்குக்கு ஒப்புமைன்னு போட்டு, சார்த்தியளத்தல் பத்தி ஒரு பெட்டிச்செய்தி சேக்கறேன், ஐயா அந்த உரைப்பகுதியை எனக்கு அனுப்பி வைக்கணும். அச்சுக்குப் போற வாக்கியம் இது:

"கோரஸ் பெடலில் உள்ள வாளிவரிசை, கம்பியின் ஒலியைச் சற்றே பின்தள்ளி, அந்தப் பின்தங்கலை மெல்ல ஆட்டியபடி நேர் ஒலியோடு கலக்கிறது."

* * *

உரைப்பகுதியை இன்னிக்கு ராத்திரி தட்டச்சு செஞ்சு அனுப்பறேன். குரவையை நான் திரும்பப் பெறல, பட்டியல்ல மாற்றுச்சொல்லா இருக்கட்டும்.

* * *

வாக்கியம் நல்லாருக்கு தம்பி. பின்தள்ளி, பின்தங்கல். சொல்லை வேணாம்னு ஒதுக்கிட்டு விளக்கறதுக்கு அதையே ரெண்டு தடவ கூப்பிட்டிருக்க. அடுத்த பதிப்பு எப்பன்னு சொல்லு, நான் வகுப்புல பின்பாட்டுன்னே சொல்லிட்டு இருக்கேன்.