கார்ட்னர் 6எல்எக்ஸ், லேலண்ட் 680, ஏஇசி 690: பழைய பிரிட்டிஷ் எட்டுச் சக்கர லாரிக்கு எது?

மலைப்பாதை கேட்டது:

1960களின் தொடக்கத்தில் வந்த எட்டுச் சக்கர லாரி ஒன்றை இங்கிலாந்தில் வாங்கிச் சீர்செய்யலாம் என்று மூன்று பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்ணில் பட்டவை மூன்று: கார்ட்னர் 6எல்எக்ஸ் போட்ட ஈஆர்எஃப், ஓ.680 இன்ஜினோடு லேலண்ட் ஆக்டோபஸ், ஏவி690 உள்ள ஏஇசி மம்மத் மேஜர் மார்க் 5. மூன்றுமே பல வருடம் கொட்டகையில் நின்றவை. லோடு ஏற்றப் போவதில்லை. கோடையில் பழைய வண்டிக் கண்காட்சிகளுக்கு, பெரும்பாலும் யார்க்‌ஷயர் பக்கத்து மேடு பள்ளத்தில், காலி வண்டியாகத்தான் ஓடும்.

ஹெச்.பி. அட்டவணை எங்கும் கிடைக்கிறது. தெரிய வேண்டியது, நின்றுபோன இன்ஜினில் எது எங்கே கெட்டிருக்கும், எதைப் பார்த்துவிட்டு விலை பேச வேண்டும் என்பதுதான். கார்ட்னர் என்றாலே எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

ஆறங்குல ஸ்ட்ரோக்:

கும்பிடுவதற்குக் காரணம் உண்டு, ஆனால் அது வேகம் அல்ல. 1958இல் வந்த 6எல்எக்ஸ் 10.45 லிட்டர், போர் 4¾ அங்குலம், ஸ்ட்ரோக் 6 அங்குலம், 1,700 சுற்றில் 150 ஹெச்.பி. கணக்குப் போட்டால் பிஸ்டன் வேகம் நிமிடத்துக்குச் சரியாக 1,700 அடி. பக்கத்தில் நிற்கும் 680இன் பலம் கூட்டிய வகையான பவர் பிளஸ் 2,200 சுற்றில் 2,100 அடியைத் தாண்டும். தேய்மானம் குறைவதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. மீதி, மான்செஸ்டருக்கு அருகே பேட்ரிகிராஃப்ட் பட்டறையில் அவர்கள் பொருத்திய நேர்த்தி. பின்னால் வந்த 6எல்எக்ஸ்பி 1,850 சுற்றில் 180 ஹெச்.பி. கொடுத்தது, அதன் உச்ச இழுவை 1,000 சுற்றை ஒட்டியே வந்துவிடும். ஆகவே சுற்றை ஏற்றி ஓட்டுவதில் பயனில்லை. இறக்கத்தில் சின்ன கியரில் விட்டு 1,700ஐத் தாண்ட விடுவதுதான் இந்த இன்ஜினுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

நின்ற கார்ட்னரை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் சம்ப், அதாவது இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின் பிளக்கை மெல்லத் தளர்த்தி, எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வால்வைத் திறந்தே வைத்து அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவர்களைத் தூக்கிவிட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். பிஸ்டன் வளையம் துருவில் ஒட்டியிருக்கலாம், வால்வு கைடில் பிடித்திருக்கலாம். சுலபமாகச் சுற்றினால் ஸ்டாப் கன்ட்ரோலை இழுத்து வைத்துக்கொண்டு, டிகம்ப்ரஷன் தூக்கிய நிலையிலேயே செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ் முள் அசைந்த பிறகுதான் டீசல்.

டீசல் லைனில் ஏர் எடுப்பது கார்ட்னரில் சுகமான வேலை. ஃபில்டர் தலையில் குமிழி நிற்கும்வரை விட்டு, பிறகு பம்பில் ஒவ்வொரு எலிமென்டுக்கும் தனியாக உள்ள கை லீவரை அடித்தால், ஸ்பிரேயர் கறக்கென்று பேசும். கார்ட்னர்காரர்கள் இன்ஜெக்டரை ஸ்பிரேயர் என்றுதான் சொல்வார்கள்; உதிரி கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள். ஆறில் ஒன்று மட்டும் பேசாமல் கை லீவர் மெத்தென்று போனால், அந்த லைனில் காற்று இருக்கிறது அல்லது டெலிவரி வால்வு உட்காரவில்லை.

டப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, இன்லெட் 4 தவு, எக்ஸாஸ்ட் 8 தவு (தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மிமீ கணக்கில் 0.10, 0.20. பார்க்கும்போது டிகம்ப்ரஷன் லீவர் இறங்கியிருக்கிறதா என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

விலை பேச ஓர் இடம்: டைமிங் செயின். தேய்ந்து நீண்டால் பம்ப் டைமிங் பின்தங்கும். குளிரில் பிடிக்க நேரமாகும், வெள்ளைப் புகை வரும், மேட்டில் மந்தமாக இருக்கும். பலர் அதை ஸ்பிரேயர் கோளாறு என்று நினைத்து, கரி பிடித்து ஹெட்டில் இறுகிய ஸ்பிரேயரை நெம்பி உடைத்துவிடுவார்கள். முதலில் ஃப்ளைவீல் குறியை வைத்து டைமிங் பாருங்கள்.

டாப்கியர்:

மேலே சொன்ன எல்லாம் சரி. ஒன்று மட்டும் விட்டுப்போச்சு. கார்ட்னர் முதலாளிக்குப் பிடிச்ச இன்ஜின், டிரைவருக்குப் பிடிச்ச இன்ஜின் இல்லை. டீசல் குறைவா குடிக்கும், எடை குறைவு, அதனால பே லோடு கூடும். கணக்குப் புத்தகத்துக்கு அது போதும். 24 டன் எட்டுச் சக்கரத்துல 150 ஹெச்.பி. போட்டா டன்னுக்கு ஆறேகால் ஹெச்.பி. 1970ல் எம்6 அந்தப் பக்கம் திறக்கும்வரை வடக்கே போற வண்டி எல்லாம் ஏ6 வழியா ஷாப் (Shap) மேட்டுல ஏறித்தான் ஆகணும். அங்க முன்னால ஒரு கார்ட்னர் போனா பின்னால வர்றவன் பொறுமையோட இருக்கணும்.

1957 வரைக்கும் அங்கே கனரக வண்டிக்கு 20 மைல்தான் வேக வரம்பு, அப்புறம் 30. அந்தக் காலத்துக்கு அளந்து செஞ்ச குணம் கார்ட்னருக்கு. 1959ல எம்1 வந்ததும் கதை மாறுது. லேலண்ட் 680 இதுக்குத் தோதான இன்ஜின்: 11.1 லிட்டர், போர் 5 அங்குலம், ஸ்ட்ரோக் 5¾. ஆரம்பத்துல 150 ஹெச்.பி., பவர் பிளஸ்ல 2,200 சுற்றுக்கு 200 ஹெச்.பி. கியர் மாத்தும்போது சுற்று சட்டுன்னு எழும்பும், விழும். கார்ட்னர்ல சுற்று இறங்கறதுக்குக் காத்திருந்து டபுள் கிளட்ச் போடணும். அவசரப்பட்டா பல் கத்தும். அதுக்குப் பழகின கை இல்லைன்னா உங்க மூணு பேருக்கும் முதல் வருஷம் ஆக்டோபஸ் நிம்மதி.

நின்ன 680ல பார்க்க வேண்டியது பம்ப் சீல். டீசல் அளவுக்கு வரம்பு வைக்கற மேக்சிமம் ஃபியூயல் ஸ்டாப்புல ஈயமும் கம்பியும் இல்லைன்னா யாரோ டீசலைக் கூட்டியிருக்காங்க. அப்படி ஓடின இன்ஜின்ல பிஸ்டன் தலை வெந்திருக்கும், வால்வு சீட்டுக்கு நடுவுல ஹெட் வெடிச்சிருக்கும். ஹெட் ரெண்டு, ஒவ்வொண்ணும் மூணு சிலிண்டருக்கு. ரெண்டையும் கழட்டி கிராக் டெஸ்ட் பண்ற செலவைக் கணக்குல வெச்சுக்குங்க. ஓட விட முடிஞ்சா, சூடான பிறகு பிரீதரை, அதாவது இன்ஜின் மூச்சுக்குழாயைப் பாருங்க. புகை லேசா வந்தா பரவாயில்லை, குபுகுபுன்னு வந்தா வளையம் போச்சு.

உதிரி பயம் வேண்டாம். ஓ.600ம் 680ம் லேலண்ட் பஸ்ல எக்கச்சக்கமா ஓடினது. டைட்டன் பிடி2, பிடி3ல 600. பஸ்ஸைப் பாதுகாக்கற கூட்டம் பெருசு, கேஸ்கெட் செட் அவங்ககிட்ட கிடைக்கும். போலந்துல லைசென்ஸ் வாங்கிச் செஞ்ச எஸ்டபிள்யூ680 இதே குடும்பம்தான். டாஃப் 11.6 லிட்டர் இன்ஜினும் இதுலேர்ந்து கிளம்பினதுதான், ஆனா அதோட உதிரி அப்படியே பொருந்தும்னு நினைச்சுடாதீங்க.

ஈரலைனர்:

ஏஇசியை யாரும் தொடவில்லை. மூன்றில் ஓட்ட இனிமையானது 690 என்பேன். சத்தமும் நல்ல சத்தம். ஆனால் நின்ற வண்டியாக வாங்குவதில் ஆபத்து அதிகமானதும் இதுதான்.

ஏவி690 11.3 லிட்டர், போர் 130 மிமீ, ஸ்ட்ரோக் 142. லண்டன் ரூட்மாஸ்டர் பஸ்ஸில் ஓடிய 9.6 லிட்டர் ஏவி590இன் அண்ணன். ஸ்ட்ரோக் ஒன்றே, போர் மட்டும் பெரிது. இரண்டிலும் வெட் லைனர் (லைனர் என்பது பிஸ்டன் ஓடுவதற்குப் பிளாக்கில் செருகிய உருளை). கார்ட்னரிலும் 680இலும் டிரை லைனர். தண்ணீர் லைனரைத் தொடாது. இங்கே லைனரின் வெளிப்புறம் நேராகத் தண்ணீரில் நிற்கிறது. கீழே ரப்பர் வளையம் தடுக்கிறது, மேலே கேஸ்கெட். கொட்டகையில் பல வருடம் நின்றால் ரப்பர் காய்ந்து சுருங்கும், தண்ணீர் மெல்ல சம்பில் இறங்கும். அந்த எண்ணெயோடு ஒருநாள் ஓட்டினாலே மெயின் பேரிங் போய்விடும்.

அதனால் சோதனை இப்படி. சம்பைக் கழற்றிவிட்டுக் கூலிங் சிஸ்டத்தில் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர் மூடியில் கைப்பம்ப் பொருத்தி லேசான அழுத்தம் கொடுத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கீழே படுத்துப் பார்த்தால் எந்த லைனரின் அடியில் சொட்டு நிற்கிறது என்று தெரியும். ஆறும் காய்ந்திருந்தால் நல்ல வண்டி. ஒன்று சொட்டினாலும் ஆறையும் எடுப்பதாகவே விலை பேசுங்கள். எடுத்த லைனரின் வெளிப்பக்கத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால், அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் இல்லாத வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. லைனர் அதிர அதிர அதை ஒட்டி நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைவதால் வரும் அரிப்பு அது. சுரண்டித் திருப்பிப் போடுகிற வேலை வேண்டாம், புது லைனர்தான்.

இந்த இன்ஜினின் கெட்ட பெயர் ஹெட் கேஸ்கெட். பெரும்பாலும் கேஸ்கெட்மேல் பழியில்லை. லைனர் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். ஒரே ஹெட்டின் கீழுள்ள மூன்றும் ஒரே உயரத்தில் இல்லையென்றால், ஹெட் உயரமானதன் மேல் உட்காரும், தாழ்ந்ததை நெருக்காது. அங்கே காற்று வழி கண்டுபிடிக்கும். உயர அளவையும் முறுக்கு அளவையும் அந்தந்த வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள். ஓடிச் சூடாகி ஆறிய பிறகு மறுமுறை முறுக்கிவிட்டு டப்பெட்டை மீண்டும் பாருங்கள், முறுக்கியதில் இடைவெளி மாறியிருக்கும்.

ஏஇசியே பிறகு வந்த ஏவி691இல் டிரை லைனருக்கு மாறிவிட்டது. போர், ஸ்ட்ரோக் அப்படியே.

மலைப்பாதை:

நன்றி ஐயா, நன்றி அண்ணே. இரண்டு துணைக் கேள்வி. மம்மத் மேஜரில் 691ஐத் தேடிப் போட்டுவிடலாமா? எண்ணெயும் கூலன்டும் எது? கூடவே ஒருவர் காமர் டிஎஸ்3 (TS3) இன்ஜின் உள்ள லாரி இருக்கிறது, மலிவு என்கிறார்.

ஈரலைனர்:

691 போட்டால் ஓட்டக் கவலையில்லை. ஆனால் அந்த வண்டிக்குரிய இன்ஜின் எண் போய்விடும், பழைய வண்டி மதிப்பில் அது இறக்கம். 690 நல்லதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலன்ட், பழைய நீல எத்திலீன் கிளைக்கால் வகை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்போதைய ஓஏடி (கரிம அமில) வகை பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டுக்கும் பழைய சீலுக்கும் ஒத்துவராது.

ஆறங்குல ஸ்ட்ரோக்:

எண்ணெயில் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டு எஸ்ஏஇ 30 சாதா எண்ணெயில் ஓடி, உள்ளே கரிச்சேறு படிந்த இன்ஜினுக்குத் திடீரென்று டிடர்ஜென்ட் அதிகமுள்ள நவீன எண்ணெய் ஊற்றினால், படிந்தது எல்லாம் கழன்று பிக்கப் சல்லடையை அடைக்கும். சம்பை இறக்கிக் கழுவிவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் பழைய தரத்திலேயே தொடருங்கள்.

டீசலும் அப்படி. இன்று பிரிட்டன் பங்கில் கிடைப்பது 7 சதவீதம் வரை பயோடீசல் கலந்த பி7. குளிர்காலம் முழுக்க டாங்கில் கிடந்தால் ஈரம் இழுத்து அடியில் வழுவழுப்பாகப் பாசி மாதிரி படியும். ஒரு கண்காட்சி சீசனுக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுங்கள். பழைய ரப்பர் ஹோஸ், லிஃப்ட் பம்ப் டயஃப்ரம் இரண்டையும் மாற்றிவிடுங்கள். டீசல் வெளியே கசியாத இடத்திலும் காற்று உள்ளே போகும்.

டாப்கியர்:

டிஎஸ்3 மலிவா வர்றதுக்குக் காரணம் இருக்கு. 3.26 லிட்டர் டூ ஸ்ட்ரோக், மூணு சிலிண்டர், ஆறு பிஸ்டன். ஒரே குழாய்க்குள்ள ரெண்டு பிஸ்டன் எதிரெதிரா வந்து மோதப்போற மாதிரி வரும், ராக்கர் வழியா அடியில ஒரே கிராங்க். ஹெட்டே கிடையாது, வால்வும் கிடையாது. 2,400 சுற்றுல 105 ஹெச்.பி. சத்தத்துக்கே கூட்டம் கூடும்.

ஆனா இழுக்காம சும்மா ஓட்டினா எக்ஸாஸ்ட் போர்ட் கரியால அடையும், இழுவை போகும். காலி வண்டியா காட்சிக்கு ஓட்டறவங்களுக்கு இதுதான் தலைவலி. காத்தை உள்ளே தள்ளற ப்ளோயரோட சீல் கசிஞ்சா எண்ணெய் நேரா சிலிண்டருக்குப் போகும். அப்போ டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிக்காது, தன் எண்ணெயையே எரிச்சு ரேஸ் ஆகும். காத்தை அடைச்சாத்தான் நிக்கும். இன்டேக் வாயை முழுசா மூடற அளவுக்குத் தடிமனான ஒரு பலகை வெட்டி, முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்போ ஒருத்தர் அதைக் கையில வெச்சுட்டு நிக்கணும். துணியோ உள்ளங்கையோ வைக்கவே கூடாது.

எண்ணூர்காரன்:

ஒரு சின்னத் தகவல். இந்தத் திரியைப் படிக்கும் நம்ம ஊர்க்காரர்கள் 680ஐ நம்ம அசோக் லேலண்ட் காமெட் லாரி இன்ஜினோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காமெட்டில் வந்தது 5.76 லிட்டர் ஓ.350, பிறகு 370, 400 என்று வளர்ந்த சின்னக் குடும்பம். பெயரில் உள்ள எண் கன அங்குலம். 680ஐ அசோக் லேலண்ட் ஹிப்போவில் பார்த்திருப்பீர்கள். ஏஎல்யூ 680 என்று ஜெனரேட்டருக்கும் போனது. பம்ப் எலிமென்ட், நாசில் எண் ஒத்துப்போனால் இங்கிருந்து கிடைக்கலாம். லைனரும் பிஸ்டனும் அனுப்பச் சொல்வதற்கு முன் போரை மைக்ரோமீட்டரில் அளந்து, ஓவர்சைஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மலைப்பாதை:

சரி. முதலில் மம்மத் மேஜரின் சம்பைக் கழற்ற உரிமையாளரிடம் அனுமதி கேட்கிறோம். சம்மதிக்கவில்லை என்றால் ஈஆர்எஃப் செயின் டைமிங்கைப் பார்க்கப் போகிறோம்.

ஈரலைனர்:

போகும்போது ஏஇசியின் சம்ப் கேஸ்கெட்டுக்குக் கார்க் ஷீட் எடுத்துப் போங்கள். பழையது முழுசாக வராது, வண்டியைத் திறந்துபோட்டுவிட்டு வந்தீர்கள் என்ற பேச்சு வேண்டாம்.